பர்லியாறு, மதியம் இரண்டு இருபது

வாரநாள் ஐந்தும் ஊட்டியில் இயற்பியல்.
சனி ஞாயிறு கோவையில் புல்லாங்குழல்.
விண்ணப்பத்தில் 'முதன்மைப் பாடம்' என்று
ஒரே ஒரு கட்டம்.
இரண்டையும் நுணுக்கி எழுதிக் கொடுத்தேன்.
கணினி அறைக்காரர் இடம் போதாதென்று
பின்னதை வெட்டினார்.
"ரெண்டு படிச்சா ரெண்டு சம்பளமா?"
அம்மா கேட்டது அதே வாரம்.
இன்னும் பதில் சொல்லவில்லை.

குளிரில் ஒலி மெதுவாக நடக்கும்.
பத்து டிகிரியில் நொடிக்கு முந்நூற்று முப்பத்தேழு மீட்டர்,
முப்பத்தைந்தில் முந்நூற்று ஐம்பத்திரண்டு.
வகுப்பில் மற்றவர்களுக்கு அது
இரண்டு மதிப்பெண் கேள்வி.
எனக்குத் தினசரிச் சண்டை.
குன்னூரில் எங்கள் லைன் வீட்டில் விடியுமுன் ஊதினால்
ஷட்ஜம் சரிந்து கிடக்கும்,
நனைந்த கம்பளி மாதிரி.
உதட்டைத் திருப்பித் திருப்பி அதைத் தூக்கி நிறுத்துவேன்.
பழகிப்போன அந்த உதட்டோடு மலையிறங்கினால்
அங்கே ஏறிக்கொண்டு நிற்கும்.
"யோகராணி, சுருதிப்பெட்டியக் கேளும்மா"
என்பார் சகாயமேரி மிஸ்.
கேட்கத்தான் செய்கிறேன் மிஸ்.
கொண்டை ஊசி வளைவில் அடைத்த காது
இன்னும் திறக்கவில்லை.

ஏப்ரல் பதினேழு. இரண்டு தேர்வும் ஒரே நாள்.
காலை பத்துக்கு மேலே செய்முறை,
மாலை நாலுக்குக் கீழே வாசிப்பு.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், முடியும்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்குச் சுரமானி.
இழுத்துக் கட்டிய கம்பி, எடைக்கற்கள், இசைக்கவை,
கம்பிமேல் குதிரையேறிய காகிதத்துண்டு.
கவையும் கம்பியும் ஒன்றுபட்டால்
காகிதம் துள்ளி விழவேண்டும்.
நான் காகிதத்தைப் பார்க்கவேயில்லை.
கட்டையை நகர்த்தினேன். காதுக்குள்
இரண்டும் உரசிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் உரசல் நின்றது.
இருபத்தொன்று புள்ளி நாலு என்று எழுதினேன்.
அப்புறம்தான் விழுந்தது.
"விழுமுன்னே எப்படி எழுதினே?"
வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"கேட்டுச்சு சார்."
"கேட்டத எழுத அட்டவணையில கட்டம் இல்லையேம்மா."

பன்னிரண்டேகால் பஸ்.
பர்லியாறில் ரோட்டுக்குக் குறுக்கே மண்சரிவு,
மண்ணோடு ஒரு பலாமரம், காயும் பிஞ்சுமாக.
பஸ்காரர்கள் இறங்கிப் பலாக்காயை எண்ணினார்கள்.
ஜேசிபி மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறதாம்.
வந்துகொண்டே இருக்கிறதாம்.
மங்குஸ்தான் கடைப் பலகையில் உட்கார்ந்தேன்.
எச்சில் விழுங்கினேன். காது திறந்தது.
போனில் சுருதியை வைத்து
சும்மா, பதற்றத்துக்கு,
ஒரே ஒரு ஷட்ஜம் ஊதினேன்.

உட்கார்ந்துவிட்டது.

உதட்டைத் திருப்பவில்லை. மூச்சை மாற்றவில்லை.
மேலேயும் பொருந்தாமல் கீழேயும் பொருந்தாமல்
ஒன்றரை வருஷமாக என்னைத் திட்டு வாங்கவைத்த மூங்கில்
பழத்தோல் குவிந்த அந்த வளைவில்
பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது,
அதன் ஊரே அதுதான் என்பது போல.
கடைக்காரர் ஈயோட்டிக்கொண்டிருந்தார்.
செய்முறை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்:
இடம் பர்லியாறு. நேரம் இரண்டு இருபது.
வெப்பநிலை தெரியவில்லை.
காகிதம் எதுவும் விழவில்லை.

கோவையில் இறங்கும்போது மணி ஆறரை.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜூனில் முடிவு. ஒன்றில் எழுபத்தெட்டு.
இன்னொன்றில் 'வரவில்லை'.
இடுப்பில் கட்டிய படுதாவை அவிழ்த்துக்கொண்டே
அம்மா கேட்டாள், "அப்ப பாதி பாஸா?"
"ஆமா."
கொழுந்துக் கறை படிந்த விரலை
குழாயடியில் ரொம்ப நேரம் தேய்த்தாள்.
"நவம்பருக்கு எவ்வளவு கட்டணும்?"